கத்திரிப்பூ கலரும் இரண்டு சங்கீதக்காரர்களும்

இயர் எண்டிங் முடிந்து, ஆடிட் முடிந்து, ஒருவழியாக மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று வைத்திருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு படியுங்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மாயவரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். 2021ல் கடையைக் காலி செய்தபோது இரண்டு பொருள் என் பங்குக்கு வந்தது. ஒன்று, அவர் கல்யாணங்களில் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்த யாஷிகா மேட் 124ஜி கேமரா. மேலே குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் பெட்டி. இன்னொன்று, ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய கலர் நெகட்டிவ். இரண்டும் என்னோடு பரோடா வந்துவிட்டன (வதோதரா என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிறது, இங்கே பாதிப் பேர் இன்னும் பரோடா என்றுதான் சொல்கிறார்கள், நானும்தான்).

"பிளாக் அண்ட் ஒயிட் நெகட்டிவ் எல்லாம் எங்க மாமா?" என்று கேட்டேன். "அதை வெள்ளி எடுக்கிறவன் மூட்டையா வாங்கிட்டுப் போயிட்டான்டா. கலர்ல வெள்ளி இல்லை, வேண்டாம்னுட்டான்" என்றார்.

எனக்கு நம்பவே முடியவில்லை. இருபது வருஷ ஊர்க் கல்யாணங்கள் வெள்ளிக்காக உருக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியது, யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த டின் மட்டும்தான். கலர் நெகட்டிவில் ஏன் வெள்ளி இல்லை என்று தேட ஆரம்பித்தேன். காமர்ஸ் படித்தவனுக்குக் கெமிஸ்ட்ரி பிளஸ் டூவோடு போச்சு. இருந்தாலும் விடவில்லை.

முதலில் இரண்டு சங்கீதக்காரர்கள். லியோபோல்ட் மானஸ் பியானோ வாசிப்பவர். லியோபோல்ட் காடவ்ஸ்கி வயலின்காரர், அதே பெயருடைய பிரபல பியானோ வித்வானின் பிள்ளை. நியூயார்க்கில் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். 1917ல் கலர் படம் என்று விளம்பரம் செய்த ஒரு சினிமாவுக்குப் போனார்கள். கலர் படு மோசம். நம்மாள் என்றால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார். இவர்கள், இதைவிட நன்றாக நாமே செய்யலாம் என்று வீட்டுச் சமையலறையிலும் குளியலறையிலும் ஆராய்ச்சியை ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் கோடக் கம்பெனி ஆராய்ச்சித் தலைவர் மீஸ் கூப்பிட, 1930ல் ராச்செஸ்டர் போனார்கள். இருட்டறையில் கடிகாரம் தெரியாது அல்லவா, பிராம்ஸின் சிம்பனியை விசிலடித்து டெவலப் நேரத்தைக் கணக்கு வைத்தார்களாம். நாம் ஆதி தாளம் போட்டு முட்டை வேகவைக்கிற மாதிரி. 1935 ஏப்ரலில் கோடாக்ரோம் 16 மில்லிமீட்டர் சினிமா ஃபிலிமாக வந்தது. அடுத்த வருஷம் ஸ்டில் கேமராவுக்கு.

கோடாக்ரோம் ஃபிலிமில் நிறமே கிடையாது, அதுதான் வேடிக்கை. சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்றாக மூன்று கருப்பு வெள்ளை அடுக்குகள், அவ்வளவுதான். நிறம் கழுவும்போதுதான் ஒவ்வொரு அடுக்காகச் சேர்க்கப்படும். அதனால் கழுவுவது பெரிய தொழிற்சாலை வேலை. சொந்தமாக எந்த ஸ்டூடியோக்காரரும் செய்ய முடியாது.

அதே சமயம் ஜெர்மனியில், வோல்ஃபென் என்ற ஊரில் ஆக்ஃபா கம்பெனி வேறு வழியில் போனது. நிறம் உண்டாக்கும் ரசாயனத்தை (கப்ளர் என்று பெயர்) ஃபிலிமுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்ற யோசனையை ருடால்ஃப் ஃபிஷர் என்பவர் 1912 வாக்கிலேயே சொல்லிவிட்டார். ஆனால் அந்த ரசாயனம் ஒரு அடுக்கில் இருக்காமல் அடுத்த அடுக்குக்கு ஓடிவிடும். நிறம் எல்லாம் கலந்து சேறாகும். வில்மான்ஸ், ஷ்னைடர் என்ற இரண்டு ஆக்ஃபா வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறுக்கு நீளமாக ஒரு வால் ஒட்டினார்கள். வால் ஜெலட்டினில் சிக்கிக்கொள்ளும், அப்புறம் நகராது. 1936ல் அந்த ஃபிலிம் விற்பனைக்கு வந்தது. மூன்று அடுக்குக்கும் ஒரே டெவலப்பர், ஒரே தடவை.

எனக்குப் புரிந்த விதத்தில் சொன்னால், கோடாக்ரோம் வெறும் இட்லி, சாம்பாரை லேபில்தான் ஊற்ற வேண்டும். ஆக்ஃபா, காரம் உப்பு எல்லாம் மாவிலேயே அரைத்துச் சேர்த்த அடை. மாயவரத்து மாமா கல்யாணத்தில் எடுத்தது, இப்போது நான் எடுப்பது எல்லாமே அடை வம்சம்தான். கோடக்கும் 1942ல் கோடாகலர் நெகட்டிவ் கொண்டுவந்தபோது கப்ளரை ஃபிலிமுக்குள்தான் வைத்தது. வாலுக்குப் பதிலாக எண்ணெய்த் துளிக்குள் அடைத்தார்கள்.

அந்த அடைக்கு ஒரு கசப்பான பக்கம் உண்டு. ஆக்ஃபா அப்போது ஐ.ஜி. ஃபார்பென் என்ற ராட்சத கம்பெனியின் ஒரு பகுதி. நாஜி ஆட்சியில் யுத்த காலத்தில் வோல்ஃபென் ஆலையிலும் அடிமை உழைப்பாளிகள் வேலை வாங்கப்பட்டார்கள். அழகழகான அந்தக் காலத்து ஆக்ஃபாகலர் படங்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வந்துவிடுகிறது.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வோல்ஃபெனைப் பிடித்தது. ஜூலையில் ரஷ்யர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. போவதற்குள் ஃபார்முலாக்கள் வெளியே வந்துவிட்டன. ஜெர்மன் பேட்டன்டுகள் யுத்த நஷ்ட ஈட்டுக் கணக்கில் போயின. யார் வேண்டுமானாலும் அந்த முறையில் ஃபிலிம் செய்யலாம் என்று ஆகிவிட்டது. பெல்ஜியத்தில் கெவார்ட் கம்பெனி கெவாகலர், இத்தாலியில் ஃபெரானியாகலர், ரஷ்யாவில் சோவ்கலர். ஒரு கம்பெனியின் தொழில் ரகசியம் மொத்தமும் ஒரே நாளில் ரைட் ஆஃப் ஆன மாதிரி. உலகத்துக்கு லாபம்.

நமக்கும்தான். 1956ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் என்று எல்லாருக்கும் தெரியும். அது கெவாகலர். எம்.ஜி.ஆரும் பானுமதியும் போட்ட அந்தக் கலர் உடைகளுக்குப் பின்னால் வோல்ஃபென் ஊர் ஃபார்முலா இருக்கிறது. டைட்டிலில் 'கெவாகலர்' என்று படித்துவிட்டு அது ஏதோ பாம்பே கம்பெனி என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிழக்கு ஜெர்மனிப் பக்கம் போன வோல்ஃபென் ஆலை, பெயர்ச் சண்டைக்குப் பிறகு 1964ல் ஓர்வோ ஆனது. ஒரிஜினல் வோல்ஃபென் என்பதன் சுருக்கம். இந்த ஓர்வோ ஏன் இந்திய சினிமாவில் அவ்வளவு புழங்கியது என்பதற்கு ஒரு வங்கிக்காரன் பதில் சொல்லலாம். அப்போது நம்மிடம் டாலர் கிடையாது. அமெரிக்க ஃபிலிம் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், லைசென்ஸ் வேண்டும். கிழக்கு ஜெர்மனி, ரஷ்யா மாதிரி நாடுகளோடு நமக்கு ரூபாய் வர்த்தக ஒப்பந்தம் இருந்தது. சரக்கு வாங்கினால் ரூபாயில் வரவு வைப்போம், அந்த ரூபாயில் அவர்கள் நம்மிடம் டீயோ தோலோ வாங்கிக்கொள்வார்கள். டாலர் தேவையே இல்லை. 70கள், 80களில் வந்த பல படங்களின் நிறம் டைரக்டரோ கேமராமேனோ மட்டும் முடிவு செய்தது அல்ல. பாதி ரிசர்வ் வங்கி கணக்குப் புத்தகம் முடிவு செய்தது.

நம் ஊரிலேயே ஃபிலிம் செய்ய ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960ல் ஆரம்பித்து, 1967ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' பிராண்ட். மாமா போன்றவர்களுக்கு சோறு போட்டது அதுதான். ஆனால் அதன் பலம் கருப்பு வெள்ளையும் எக்ஸ்ரேயும். கலர் வெள்ளம் வந்தபோது தாக்குப்பிடிக்கவில்லை, 90களில் நலிந்த நிறுவனம் ஆனது. மாமா கணக்கு இப்படி இருந்திருக்கிறது: ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல் இந்து, ஒரே ரோல் கலர். அந்த ஒரு ரோலும் வெளிநாட்டு ஃபிலிம். பன்னிரண்டே படம். தாலி கட்டு, தாரை வார்ப்பு, ஊஞ்சல், குடும்ப குரூப் போட்டோ என்று எண்ணி எண்ணி அமுக்குவார். கலர் ரோலை பஸ்ஸில் மெட்ராஸுக்கு அனுப்பி, கழுவி வர பத்து நாள் ஆகும்.

இப்போது வெள்ளி விஷயம். எந்த ஃபிலிமும் வெளிச்சத்தைப் பிடிப்பது வெள்ளி உப்பை வைத்துத்தான், கலரும் அப்படியே. டெவலப் செய்யும்போது வெள்ளி உண்டாகும் இடத்திலெல்லாம் பக்கத்தில் சாயமும் உண்டாகிறது. அப்புறம் பிளீச் செய்து வெள்ளி முழுவதையும் எடுத்துவிடுவார்கள், சாயம் மட்டும் மிஞ்சும். கோடக் 1972ல் கொண்டுவந்த சி-41 முறை இதுதான். உலகம் முழுக்க இன்றும் இதே. ஆக, கலர் நெகட்டிவின் வெள்ளியை லேப்காரர் அன்றைக்கே எடுத்துவிட்டார். மாயவரத்தில் மூட்டை தூக்க வந்தவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. டின் பிழைத்தது.

அது ஏன் ஆரஞ்சு நிறமாக இருக்கிறது என்று பையன் கேட்டான். நானும் அதுவரை யோசித்ததில்லை. சாயங்கள் சுத்தமில்லை என்பதுதான் காரணம். நீலப்பச்சைச் சாயம் சிவப்பை மட்டும் தடுக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் பச்சையையும் நீலத்தையும் சேர்த்துத் தடுக்கிறது. மெஜந்தாவுக்கும் இதே கோளாறு. 1940களில் கோடக்கின் ஹான்சன் என்பவர், அந்தப் பிழை ஃபிலிம் முழுக்கச் சமமாக இருக்கும்படி கப்ளருக்கே கொஞ்சம் நிறம் கொடுத்துவிட்டார். பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் பிரின்ட் போடும்போது மொத்தமாகக் கழித்துவிடலாம். எங்கள் பாஷையில் சொன்னால் பிராவிஷன் போட்டு வைத்த மாதிரி. அந்தப் பிராவிஷன்தான் ஆரஞ்சு.

சரி, கேமராவுக்கு வருவோம். 124ஜி 1970ல் வந்த மாடல். ஜி என்பது தங்கம். ஆசைப்பட வேண்டாம், மீட்டர் கனெக்‌ஷனில் ஒரு பூச்சு, அவ்வளவுதான். அமைப்பு 1929ல் வந்த ஜெர்மன் ரோலைஃப்ளெக்ஸைப் பார்த்துச் செய்தது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா கையில் இருந்தது ஒரு ரோலைஃப்ளெக்ஸ். அவர் கடைசிக் காலத்தைக் கழித்து 2012ல் இறந்தது இந்த பரோடாவில்தான். உங்களில் பலர் வீட்டில் இருந்திருக்கக்கூடிய ஆக்ஃபா க்ளிக் 3 கேமராவைச் செய்த நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸும் இந்த ஊர்தான். இங்கே டிரான்ஸ்ஃபர் வந்தபோது புலம்பினேன். இப்போது புலம்புவதில்லை.

யாஷிகாவில் இருக்கும் 80 மில்லிமீட்டர் யாஷினான் லென்ஸ் டெஸ்ஸார் வகை. 1902ல் ஜைஸ் கம்பெனியின் பால் ருடால்ஃப் போட்ட டிசைன், நான்கு கண்ணாடி மூன்று தொகுதியில். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்பு ஆறு. பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இது கூட்டு வட்டி, தலைகீழாக. ஆறு தடவை 4 சதவீதம் போனால் கையில் நிற்பது 78 சதவீதம். போன வெளிச்சம் போய்த் தொலைந்தாலும் பரவாயில்லை. அதில் ஒரு பகுதி உள்ளே முட்டி மோதி ஃபிலிம் மேலேயே பனி மாதிரி விழுகிறது. கருப்பு வெள்ளையில் அது ஒரு மென்மை என்று சமாளிக்கலாம், கலரில் சாயம் வெளுத்த வேட்டி. 1935ல் ஜைஸில் ஸ்மாகுலா என்பவர் கண்ணாடி மேல் மெல்லிய பூச்சு போட்டு இந்தத் திருப்பலைக் குறைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கோடாக்ரோம் வந்த அதே வருஷம். பழைய லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் நீலமாகவோ ஊதாவாகவோ மின்னுமே, அதுதான். நண்பர் ஒருவர் பூச்சு இல்லாத பழைய மடிப்புக் கேமராவில் கலர் ஃபிலிம் போட்டு, ஏன் எல்லாம் மங்கல் என்று ஃபிலிமைத் திட்டிக்கொண்டிருந்தார். சூரியனை முதுகுப் பக்கம் வைத்து, லென்ஸுக்கு ஒரு ஹூட் மாட்டி எடுத்தால் அதுவும் அழகாக வரும்.

என் முதல் ரோல் சொதப்பல். ஃபிலிம் கோடக் கோல்ட் 200, 120 அளவில் 2022லிருந்து கிடைக்கிறது (விலையை இங்கே எழுதினால் தங்கமணி படிக்க வாய்ப்புண்டு, விடுங்கள்). தப்பு என்னுடையது. கேமராவின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. பாதரசம் விஷம் என்று 90களில் அந்தப் பேட்டரியை நிறுத்திவிட்டார்கள். நான் அதே சைஸ் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டேன். வோல்ட் கூட இருப்பதால் வெளிச்சம் கூட இருப்பதாக மீட்டர் பொய் சொன்னது. நான் நம்பிக் குறைத்து எடுத்தேன். கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தை மன்னிக்கும், குறைவை மன்னிக்காது. பன்னிரண்டு படத்திலும் நிழலெல்லாம் சேறு. ஷோரூமில் காது மெஷினுக்கு விற்கும் ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட், அதை ஒரு வளையம் வைத்துப் போட்டால் சரியாகிறது. அல்லது மீட்டரை மறந்துவிட்டு, நல்ல வெயிலில் 200 ஃபிலிமுக்கு எஃப் 16ல் 250 வைக்கலாம். மாமா மீட்டரைப் பார்த்ததே இல்லையாம். "பந்தல்ல வெளிச்சம் எவ்வளவுன்னு கண்ணுக்குத் தெரியாதா?" என்கிறார்.

இப்போது டின். அதில் 1984 என்று எழுதிய ஓர் உறை என் அத்தை கல்யாணம். தாத்தா அதற்கு முன்பே போய்விட்டதால் அப்பாதான் தாரை வார்த்துக் கொடுத்தார். எனக்கு அப்போது நாலு வயசு. அந்த ஒரு கலர் படம் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் தாளைத் தூக்கினால் பசையோடு ஒட்டிக்கொள்ளுமே, அந்த வகை ஆல்பம். படம் முழுக்கச் சிவப்பு. அப்பா சிவப்பு, புரோகிதர் சிவப்பு, வாழைமரம் சிவப்பு. அதே ஆல்பத்தில் அம்மா அப்பா கல்யாணக் கருப்பு வெள்ளை நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும். மூன்று சாயமும் மூன்று அசெட், மூன்றுக்கும் தேய்மான விகிதம் வேறு வேறு. அந்தக் கால பிரின்ட்களில், இருட்டில் மூடி வைத்திருந்தாலும், நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும். சிவப்பைத் தடுக்க வேண்டியது அதுதான். அது போனால் சிவப்பு மட்டும் பளிச்சென்று நிற்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் அதிகம். நாம் மாயவரம், பம்பாய், கல்கத்தா என்று டிரங்க் பெட்டியில் வைத்து இழுத்தோமே, இதைவிடப் பெரிய தண்டனை அந்த ஆல்பத்துக்குக் கிடையாது. சினிமாக்காரர்களுக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. 1980ல் மார்ட்டின் ஸ்கார்செஸி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கோடக்கோடு சண்டைக்குப் போன பிறகுதான் நிறம் நிற்கும் ஃபிலிம் பற்றிப் பேச்சு வந்தது. சாம்பாரை வெளியே வைத்த கோடாக்ரோம் மட்டும் இருட்டில் வைத்தால் நிறம் மாறாமல் நிற்கும். அதைக் கழுவும் கடைசி லேப், அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில், 2010 டிசம்பர் 30க்குப் பிறகு ஃபிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டது.

நெகட்டிவும் வெளுக்கும்தான். ஆனால் உறையில், டின்னில், கடையின் உள் அறையில், பசையும் வெளிச்சமும் படாமல் இருந்ததால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. எல்.ஈ.டி. லைட் பலகை மேல் வைத்து டிஜிட்டல் கேமராவில் எடுத்து, ஆரஞ்சைக் கழித்து, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக இழுத்துச் சரி செய்தேன். மூன்று ராத்திரி. சிவப்புக்குள்ளிருந்து முதலில் வாழையிலை பச்சையாக வந்தது. அதை வைத்து மற்றதைச் சரி பார்த்தேன். புரோகிதர் வேஷ்டி வெள்ளையானது. அப்பா சட்டை இல்லாமல், பட்டு வேஷ்டியில், முப்பது வயசில், கையில் செம்போடு குனிந்திருக்கிறார். அவர் 2009ல் போய்விட்டார். என்னைவிடச் சின்னவராக அவரை நிறத்தில் நான் பார்த்ததில்லை. மார்பில் சந்தனம் மஞ்சளாக இருக்கிறது. ஆல்பத்தில் சந்தனம் இருப்பதே தெரியாது.

பக்கத்தில் நிற்கும் அம்மாவின் புடவை பற்றி நாற்பது வருஷமாக ஒரு வழக்கு நடக்கிறது. அது கத்திரிப்பூ கலர், தீபாவளிக்கு அப்பா எடுத்துக் கொடுத்தது என்று அம்மா. மெரூன், கல்யாணத்துக்கு நாங்கள் வைத்துக் கொடுத்தது என்று அத்தை. ஆல்பம் அத்தை பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நெகட்டிவில் அந்த இடம் மஞ்சள் கலந்த பச்சை. திருப்பினால் சந்தேகமில்லாமல் கத்திரிப்பூ.

வாட்ஸப்பில் அனுப்பினேன். அம்மா போன் செய்தாள். அப்பாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "நான் அப்பவே சொன்னேனே, கத்திரிப்பூன்னு" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அதைப் பெருசா ஒண்ணு போட்டு அனுப்பு" என்றாள். அத்தை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, கம்ப்யூட்டரில் எந்தக் கலர் வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்கிறாள். நான் வாழையிலையையும் சந்தனத்தையும் வைத்துச் சரி பார்த்த விதத்தை விளக்கினேன். "பாங்க்காரன் கணக்கு எல்லாம் என்கிட்ட சொல்லாதே" என்று வைத்துவிட்டாள்.

டின்னில் இன்னும் முப்பது உறைக்கு மேல் இருக்கிறது. பெயர் இல்லை, மாமா முகூர்த்தத் தேதி மட்டும்தான் எழுதியிருக்கிறார். 1983லிருந்து 1991 வரை. சனி ஞாயிறில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் வந்தது ஒரு குரூப் போட்டோ, பதினேழு பேர். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்ணின் பாவாடை கிளிப்பச்சை.